பகடை நிக்கல

சனிக்கிழமை ராத்திரி
கருங்கல் சந்தைக்குப் பின்னால்
ஷீட்டுக் கடை மாடியில்
ஆட்டம் நடத்துகிறவள் நான்.
பகலில் அதே மேசையில்
ரப்பர் கணக்கு எழுதுகிறேன்.

காசு கொடுத்து வாங்கியது ஒன்றுதான்:
ஏழு பகடைகள் கொண்ட ஒரு பொதி.
கூரியர்க்காரர் குலுக்கிப் பார்த்து
மாத்திரையா என்று கேட்டார்.

மற்றதெல்லாம் இங்கேயே கிடைத்தது.
போர்க்களத்துக்கு, புகை காட்டாத ஒரு ரப்பர் ஷீட்.
உருளை அதன்மேல் முன்னமே
கட்டம் போட்டுத் தந்திருக்கிறது.
நாலு கட்டம் ஐந்தடி என்று பேசிக்கொண்டோம்.
சாக்கட்டியால் ஆறு வரையலாம்,
ஈரத்துணியால் ஆற்றை வற்றவைக்கலாம்.
நாற்றம் மட்டும் போகாது.
சதுப்பு நிலம் வரும் வாரத்தில் அதுவும் உதவிதான்.

ஆட்களுக்கு, பெனிட்டா வீட்டுக் கிறிஸ்மஸ் குடில்.
மூன்று ராஜாக்களும் கூலிப்படை.
காது உடைந்த ஆட்டுக்குட்டி
எங்கள் டிராகன்.
அதைக் கண்டு நாங்கள் ஓடியிருக்கிறோம்.
டிசம்பர் பிறந்தால் எல்லோரும்
வைக்கோலுக்குத் திரும்பிவிடுவார்கள்.
அந்த மாதம் பேச்சுவார்த்தை மட்டும்.

என்னை மறைக்கும் அட்டை
மூன்று கல்யாணக் கார்டுகளை ஒட்டியது.
அவர்கள் பக்கம் மணமக்கள் பேர் மின்னும்.
என் பக்கம்
பொறிகள், விஷங்கள், கதவின் கனம்,
குடித்தவன் எத்தனை சுற்றில் தெளிவான்.

பேர் வைக்க எனக்கு வராது.
சத்திரக்காரன் பேர் என்ன என்று
நிஷாத் வேண்டுமென்றே கேட்பான்.
அதற்காக பஸ் போர்டுகளை எழுதி வைத்திருக்கிறேன்.
பெருஞ்சாணி ஒரு சூனியக்காரி.
கோதையாறு அவள் தங்கை,
கடைசி வண்டிக்குப் பிறகு வாய் திறக்கமாட்டாள்.
நித்திரவிளை
காவல் நிற்கும்போதே உறங்குகிறவன்.

ஆள் வராத வாரத்துக்கும் அட்டவணை உண்டு.
ஒன்று, காய்ச்சல்.
இரண்டு, கழுதையைத் தேடிப் போயிருக்கிறார்.
மூன்று, சாபம்; பேச்சு வராது.
பெனிட்டாவின் நைட் ட்யூட்டிக்கு
ஆறு வரி போதும்.
தூத்தூர் ஷிஜினுக்குப் போதாது.
அவன் ஆழ்கடல் போட்டில் ஏறினால்
நாற்பது நாள்.

போன தடவை போகும்போது
இருபது முகப் பகடையைக் கேட்டான்.
"தினம் ஒண்ணு உருட்டி எழுதிட்டு வாறேன்.
எனக்க ஆளு சும்மா கெடக்கண்டாம்."
நாற்பது நாளும் நாங்கள்
தைல டப்பாவில் இருபது சீட்டுப் போட்டுக்
குலுக்கி ஆடினோம்.

வந்தவன் ஒரு நோட்டைத் தந்தான்.
உப்பில் விறைத்த தாள்.
தேதி, காற்று, எண்.
பதினான்கு. மூன்று.
பத்தொன்பது, அன்று சூரை ஏராளம்.
சோற்றுத் தட்டில் உருட்டினானாம்,
ஐஸ் பெட்டி மூடியில்,
ஒருநாள் ஸ்ராங்கின் உள்ளங்கையில்.

இருபத்தேழாம் ராத்திரிக்கு எதிரே எண் இல்லை.
'பகடை நிக்கல'
என்று மட்டும்.

கொள்ளாம், என்றான் நிஷாத்.
பிறகு சிரிக்கவில்லை.
ஷிஜின் தன் ராஜாவை எடுத்து
பழைய கட்டத்தில் வைத்தான்.
யாருடைய முறை, என்றான்.

இப்போது என் அட்டவணைகளில்
அந்த நோட்டுக்கு மேல் ஒன்று இல்லை.
கதையில் கடல் வரும்போதெல்லாம்
கண்ணை மூடி ஒரு வரியில் விரல் வைப்பேன்.

போன சனி விரல் அங்கே விழுந்தது.

என்ன எண், என்றாள் பெனிட்டா.
நான் ஷிஜினைப் பார்த்தேன்.
"சொல்லு, நான் பிடிச்சோண்டுதான் இருக்கேன்."
மேசையின் ஓரத்தை
இரண்டு கையாலும் பற்றியிருந்தான்.

பெனிட்டாவும் பற்றினாள்.
எதற்கென்று கேட்கவில்லை.